களத்தில் வெல்ல வேண்டும் என்னும் முழக்கம்: இன்டர் காசியின் 2024-25 பருவத்தை முன்வைத்து

பட்டம் களத்தில் வெல்லப்பட வேண்டுமே அன்றி வழக்காடி வெல்லப்படக் கூடாது. இந்தியக் கால்பந்தைப் பின்தொடர்வோர் நடுவே 2025ஆம் ஆண்டில் இதைவிட அதிகம் புழங்கிய வாக்கியம் வேறில்லை எனலாம். கேட்பதற்கு அறம் போன்றே ஒலிக்கும் இவ்வாக்கியத்தை ஏற்பவர் விளையாட்டின் காவலர், மறுப்பவர் அதன் பகைவர் என்பதாக ஒரு தோற்றமும் உண்டாயிற்று. உண்மையில் இது அறமன்று. லீக் ஒன்றை நடத்தும் பொறுப்பில் இருப்போரின் மெத்தனத்துக்குப் போர்த்தப்பட்ட பொன்னாடை. இன்டர் காசி என்னும் கழகம் நாட்டின் இரண்டாம் அடுக்குக் கால்பந்தில் ஒரே பருவத்தில் கண்ட ஏற்றங்களையும் இறக்கங்களையும் வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

கால்பந்தை நெருங்கிப் பின்தொடராதவர்களுக்குச் சில செய்திகள் தேவைப்படும். ஐ-லீக் என்பது ஒரு காலத்தில் நாட்டின் முதன்மைக் கால்பந்துத் தொடர். 2014இல் ஐஎஸ்எல் தொடங்கப்பட்டது. அதன்பின் படிப்படியாக ஒதுக்கப்பட்டு, 2022-23 பருவம் முதல் முறைப்படி இரண்டாம் அடுக்காக ஐ-லீக் நடத்தப்பட்டது. 2024-25இல் அதில் 12 கழகங்கள் ஆடின. ஒவ்வொன்றுக்கும் 22 போட்டிகள். பட்டம் வெல்லும் ஒரே ஒரு கழகத்துக்கு ஐஎஸ்எல்லுக்குள் நுழையும் வாய்ப்பு. இரண்டாமிடத்துக்கு ஒன்றுமில்லை. இந்த ஒற்றை வாசலை மனத்தில் இருத்திக்கொள்ளாமல் பின்னர் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

இன்டர் காசி 2023இல் பிறந்த கழகம். வாரணாசியின் பெயரைத் தாங்கியது. கொல்கத்தாவைச் சேர்ந்த ஆர்டிபி குழுமம் அதன் உரிமையாளர். கீழ்நிலைத் தொடர்களில் ஆடி ஏறி வந்ததன்று. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அழைத்த விண்ணப்பங்களின் வழியே நேரடியாக ஐ-லீக்கில் நுழைந்தது. வாரணாசியில் தக்க மைதானம் இன்மையால் தன் 'சொந்த மண்' ஆட்டங்களை மேற்கு வங்கத்தின் கல்யாணியில் ஆடியது. காசிக்கு ஆடும் அணியைக் காண காசி மக்கள் வங்கத்துக்குப் பயணப்பட வேண்டிய நிலை. இத்தகைய கழகத்தின்மீது எவருக்கும் இயல்பாகப் பரிவு எழாது. அது எழாததும் இக்கதையின் ஒரு பகுதியே. 2024-25 பருவத்துக்கு அதன் பயிற்சியாளர் அந்தோனியோ லோபஸ் ஹபாஸ். ஐஎஸ்எல்லில் கொல்கத்தா அணிகளுக்கு இருமுறை கோப்பையை வென்று தந்தவர்; அதற்கு முந்தைய பருவத்தில்தான் மோகன் பகானை லீக் கேடயம் வெல்லச் செய்திருந்தார். இரண்டாம் அடுக்குக்கு அவர் இறங்கி வந்ததன் நோக்கம் எவருக்கும் ஒளிவுமறைவாக இல்லை.

2025 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் நாம்தாரி அணியிடம் காசி 0-2 எனத் தோற்றது. நாம்தாரியும் காசியைப் போலவே 2023இல் நேரடி நுழைவு பெற்ற கழகம். அன்று அவ்வணியில் ஆடிய பிரேசில் வீரர் ஒருவர் மஞ்சள் அட்டைகளின் எண்ணிக்கையால் அப்போட்டிக்குத் தடை பெற்றிருந்தவர் என்று காசி முறையிட்டது. தகுதியற்ற வீரரைக் களமிறக்கிய அணி 0-3 எனத் தோற்றதாகக் கொள்ளப்படும் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். சம்மேளனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவ்விதியைப் பின்பற்றி மூன்று புள்ளிகளைக் காசிக்கு அளித்தது. நாம்தாரி மேல்முறையீடு செய்தது. பருவம் முடியும் தறுவாயில் அம்முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

விளைவாக, ஏப்ரல் 6 அன்று இறுதிச் சுற்று ஒரே நேரத்தில் நான்கு கழகங்களின் பட்டக் கனவோடு தொடங்கியபோது, புள்ளிப் பட்டியலே ஒரு கருதுகோளாக இருந்தது. ஸ்ரீநகரில் ரியல் காஷ்மீருடன் 1-1 எனச் சமன் செய்த சர்ச்சில் பிரதர்ஸ் 40 புள்ளிகளை எட்டியது. ராஜஸ்தான் யுனைடெட்டை 3-1 என வென்ற காசிக்கு 39. கோழிக்கோட்டில் தபிசோ பிரவுன் மூன்று கோல் அடித்தும் கோகுலம் கேரளா 3-4 என டெம்போவிடம் வீழ்ந்தது. பட்டத்துக்கான நால்வர் போட்டியாக அது ஒரு மகத்தான மாலைப்பொழுது; இரண்டாம் அடுக்கில் இத்தகைய கடைசி நாள் எத்தனை நாடுகளில் வாய்க்கும்? ஆனால் நடுவரின் கடைசி விசில் ஒலித்தபின்னும் வென்றவர் யார் என்று சொல்ல எவராலும் முடியவில்லை. ஜனவரியின் அந்த மூன்று புள்ளிகள் காசிக்கு உரியவையாயின் காசிக்கு 42; அல்லவாயின் சர்ச்சில் சாம்பியன். கோவாவின் வீரர்கள் மகிழலாமா கூடாதா என்று அறியாமல் ஸ்ரீநகரில் நின்றனர். கல்யாணியிலும் அதே நிலை.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் மேல்முறையீட்டுக் குழு நாம்தாரிக்குச் சாதகமாக முடிவு செய்தது. சர்ச்சில் பிரதர்ஸ் சாம்பியனாக அறிவிக்கப்பட்டது. காசி சுவிட்சர்லாந்தின் லாசான் நகரிலுள்ள விளையாட்டுத் தீர்ப்பாயத்தை நாடியது. பரிசளிப்பைத் தடுக்கும் இடைக்கால உத்தரவு அங்கிருந்து வந்த நாட்களிலேயே கோப்பை கோவாவில் கைமாறியிருந்தது. அம்மாதமே புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பையில் சர்ச்சில் ஆடவில்லை, விலகிக்கொண்டது. காசி ஆடியது. ஐஎஸ்எல் இறுதிப் போட்டியில் ஆடி முடித்து இரு வாரங்கூட ஆகாத பெங்களூரு எஃப்சியைப் பெனால்டி முறையில் வெளியேற்றிவிட்டு, காலிறுதியில் மும்பை சிட்டியிடம் தோற்றது. முதல் அடுக்கின் இரண்டாம் சிறந்த அணியை வென்ற கழகத்துக்கு, தான் இரண்டாம் அடுக்கில் முதலாவதா இரண்டாவதா என்பது அப்போது தெரியாது.

இதற்கிடையே இரண்டாவது வழக்கு. மரியோ பார்கோ என்னும் ஸ்பெயின் வீரரைப் பருவத்தின் நடுவே பதிவிலிருந்து நீக்கிவிட்டு மீண்டும் பதிவு செய்ததன் வழியே காசி விதியை மீறியது என்று சர்ச்சில், நாம்தாரி, ரியல் காஷ்மீர் ஆகிய மூன்று கழகங்கள் குற்றஞ்சாட்டின. சம்மேளனத்தின் மேல்முறையீட்டுக் குழு இதையும் காசிக்கு எதிராகவே முடித்தது. லாசான் தீர்ப்பாயமோ இரு வழக்குகளிலும் காசியின் பக்கமே தீர்ப்பளித்தது. இறுதித் தீர்ப்பு ஜூலை 18 அன்று வந்தது. இன்டர் காசியை உடனே சாம்பியனாக அறிவிக்குமாறு சம்மேளனத்துக்கு உத்தரவிட்டது. ஜனவரி 13இலிருந்து எண்ணினால் 186 நாட்கள்.

இந்தக் கட்டத்தில்தான் அந்த முழக்கம் உச்சத்தை எட்டியது. களத்தில் வென்றது கோவா, காகிதத்தில் வென்றது காசி என்றனர். இவ்வாதத்தைச் சற்று உரசிப் பார்க்கலாம்.

ஓர் அணி 12 பேரைக் களமிறக்கி 2-0 என வெல்கிறது என்று கொள்வோம். இரண்டு கோல்களும் அழகானவை, பார்த்தவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். அந்த அணி களத்தில் வென்றது என்று எவரேனும் கூறுவாரா? ஆட வேண்டியவர் 11 பேர் என்பது விதிப்புத்தகத்தின் ஒரு வரி. தடை பெற்ற வீரர் ஆடலாகாது என்பது அதே வகையான மற்றொரு வரி. முதல் வரியை மீறினால் கண்ணுக்குத் தெரிகிறது, இரண்டாவதை மீறினால் தெரிவதில்லை. வேறுபாடு இவ்வளவே. ஆஃப்சைடு கொடி உயர்ந்தபின் வலைக்குள் விழும் பந்தைக் கோல் என்று எவரும் வாதிடுவதில்லை. ஏனெனில் களம் என்பது புல்லும் சுண்ணாம்புக் கோடும் மட்டுமன்று. யார் ஆடலாம், எங்கே நிற்கலாம், எதற்கு எத்தனை புள்ளி என்னும் உடன்பாடுகள் கூடி உண்டாக்கும் இடமே களம். விதியைக் களத்துக்கு எதிராக நிறுத்துவோர், களத்தை எது களமாக்குகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். கொடி இரண்டு நொடியில் உயர்ந்தது, மஞ்சள் அட்டைக் கணக்கு 186 நாள் எடுத்தது என்பதால்தான் இரண்டாவது 'களத்துக்கு வெளியே' நடந்ததாகத் தோன்றுகிறது. தாமதம் உண்டாக்கிய அந்தத் தோற்றத்தையே தாமதித்தவர்களுக்கான கேடயமாக மாற்றுவதுதான் முழக்கத்தின் வேலை.

மற்றொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் ஏறத்தாழ 100 கிராம் கூடுதல் எடைக்காக இறுதிப் போட்டிக்குமுன் தகுதிநீக்கம் செய்யப்பட்டபோது, அவர் நாடியதும் இதே விளையாட்டுத் தீர்ப்பாயத்தைத்தான். அவ்வாரத்தில் தேநீர்க் கடைகள் வரை அதன் பெயர் அடிபட்டது. மேல்முறையீடு தள்ளுபடியானபோது நாடு வருந்தியது. பதக்கத்தை விரிப்பில் வெல்ல வேண்டும், தீர்ப்பாயத்தில் தேடக் கூடாது என்று அன்று பரவலாக எவரும் உபதேசிக்கவில்லை. உபதேசித்திருக்கவும் கூடாது, முறையிடும் உரிமை அவருக்கு இருந்தது. மாட்டில் நடந்ததற்கு ஒரு நியாயமும் மைதானத்தில் நடந்ததற்கு வேறொரு நியாயமும் எப்படிப் பொருந்தும்? தீர்ப்பாயம் செல்வது இழுக்கு என்றோ பெருமை என்றோ முன்கூட்டி ஒரு முடிவு கிடையாது. செல்பவர் நமக்கு வேண்டியவரா என்பதே அளவுகோலாகிறது.

சர்ச்சில் பிரதர்ஸ் கழகத்தின்பால் எழும் பரிவு பொய்யானதன்று. கோவாவின் தெற்கில் வேர்கொண்ட குடும்பக் கழகம் அது. ஐ-லீக்கை இருமுறை, 2008-09இலும் 2012-13இலும், வென்றது. ஜனவரி 13 ஆட்டத்தில் அதற்கு எந்தப் பங்குமில்லை. நாம்தாரியின் வீரர் பட்டியலைச் சர்ச்சில் எழுதவில்லை. 40 புள்ளிகளை ஆடியே ஈட்டியது. கோப்பையைக் கையில் வாங்கிப் படம் பிடித்துக்கொண்ட வீரர்கள் மூன்று மாதம் கழித்துத் தாங்கள் இரண்டாமவர் என்று அறிந்த துயரத்தைக் காசியின் வெற்றி ஈடு செய்யாது. ஆனால் அத்துயரத்துக்குக் காரணம் காசியா? ஜனவரிக் கேள்விக்கு ஜனவரியிலேயே இறுதி விடை கிடைத்திருந்தால், ஏப்ரல் 6 அன்று ஸ்ரீநகரில் தனக்குச் சமன் போதுமா வெற்றி வேண்டுமா என்பதைச் சர்ச்சில் திட்டவட்டமாக அறிந்து ஆடியிருக்கும். 1-1 என்ற நிலையில் எஞ்சிய நிமிடங்களை ஓர் அணி எப்படி ஆடும் என்பது தனக்கு எத்தனை புள்ளி தேவை என்பதைப் பொறுத்தது. எதிராளியின் கணக்கில் 39ஆ 42ஆ என்று நிச்சயமாகச் சொல்லப்படாத அணியைப் பார்த்து, களத்தில் வெல் என்பது கண்ணைக் கட்டிவிட்டு இலக்கை எய் என்பதற்கு ஒப்பாகும்.

இதே சர்ச்சில் 2014இல் பெடரேஷன் கோப்பையை வென்றது. அவ்வாண்டே உரிம நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை என்ற காரணத்தால் ஐ-லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. அன்று அதை வீழ்த்தியது எந்த எதிரணியும் அன்று, கோப்புகள். களத்தில் வென்றவனைக் காகிதத்தால் நீக்கலாமா என்று கேட்ட குரல்கள் அன்று எவ்வளவு மெலிந்திருந்தன! இம்முழக்கம் பதினோர் ஆண்டுகளுக்கு முன் கோவாவுக்குத் தேவைப்பட்டபோது கிடைக்கவில்லை. இன்று சம்மேளனத்துக்குப் பயன்படும்போது மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது.

இன்டர் காசி பணத்தால் நுழைந்த கழகம், அதற்கு மரபில்லை, மண்ணில்லை, ரசிகர் கூட்டமில்லை என்பது அடுத்த எதிர்வாதம். அனைத்தும் பெரும்பாலும் உண்மை. அதனாலேயே இவ்வழக்கு முக்கியமாகிறது. நடைமுறை நீதி நமக்குப் பிரியமானவர்களுக்கு மட்டும் கிட்டும் சலுகையன்று. மேலும், நேரடி நுழைவை விற்பனைக்கு வைத்தது காசியன்று, சம்மேளனம். சந்தையைத் திறந்தவரை விட்டுவிட்டு வாங்க வந்தவரை மட்டும் ஏசுவது, கல்விக் கட்டணத்தை உயர்த்திய நிர்வாகத்தை விட்டுவிட்டு அதைச் செலுத்திச் சேர்ந்த மாணவனைப் பழிப்பதற்குச் சமம்.

இனி முழக்கத்தின் மையத்துக்கு வரலாம். களத்தில் தீர்மானிக்க வேண்டும் என்பவர்கள் அதை எங்கிருந்து தொடங்க வேண்டும்? மேலிருந்து. ஐஎஸ்எல்லில் 2023-24 பருவத்தில் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியும் 8 புள்ளிகளும் பெற்று ஹைதராபாத் எஃப்சி கடைசியாக வந்தது. கீழே இறக்கப்படவில்லை. அடுத்த பருவத்தில் 24 ஆட்டங்களில் 13 புள்ளிகளுடன் கடைசியில் நின்ற முகமதன் ஸ்போர்ட்டிங்கும் இறக்கப்படவில்லை. அதே 2024-25இல் ஐ-லீக்கின் கடைசி இரு இடங்களைப் பெற்ற டெல்லி எஃப்சியும் ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூருவும் மூன்றாம் அடுக்குக்கு இறக்கப்பட்டன. கீழ்மாடிக்குப் புவியீர்ப்பு இருந்தது, மேல்மாடிக்கு இருக்கவில்லை. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் மேற்பார்வையில் வகுக்கப்பட்ட வழித்திட்டம், 2024-25 முதல் இரு அடுக்குகளுக்கும் இடையே முழுமையான ஏற்றமும் இறக்கமும் இருக்கும் என்றது. ஏற்றம் மட்டும் நடந்தது. அதுவும் ஆண்டுக்கு ஒன்று. 2023இல் பஞ்சாப், 2024இல் முகமதன், 2025இல் காசி.

அந்த ஒற்றை வாசலும் திறக்கப்படுவதற்குமுன் வென்றவர்களின் கதை இன்னும் கசப்பானது. 2015-16இல் இறக்கப்பட்டு, கோவாக் கழகங்கள் விலகியதால் மீண்டும் சேர்க்கப்பட்ட ஐஸ்வால் எஃப்சி, 2016-17இல் காலித் ஜமிலின் பயிற்சியில் மோகன் பகானை ஒரு புள்ளியில் முந்தி 37 புள்ளிகளுடன் நாட்டின் சாம்பியன் ஆனது. மலைமாநிலத்தின் சிறு நகரம் ஒன்று கொல்கத்தாவையும் பெங்களூருவையும் களத்தில் வென்றது. அவ்வளவு தூய களவெற்றி இந்திய விளையாட்டில் அரிது. அதற்குப் பரிசாக ஐஸ்வால் எந்த ஆட்டத்திலும் தோற்காமலேயே, ஒப்பந்தம் ஒன்றின் விளைவாக, இரண்டாம் அடுக்குக் கழகமாயிற்று. 2010இல் சம்மேளனம் ஐஎம்ஜி-ரிலையன்சுடன் 15 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட 700 கோடி ரூபாய் உரிமை ஒப்பந்தமே அந்த ஐஎஸ்எல்லுக்கு அடித்தளம். கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி 2018-19இல் ஐ-லீக்கை வென்றது. அவ்வணி இன்று எந்தப் பட்டியலிலும் இல்லை. களவெற்றியின் மேன்மையைப் பற்றி உபதேசிக்க வருவோர் இவ்விரு கழகங்களிடமும் முதலில் பேசிவிட்டு வரட்டும்.

இந்தப் பின்னணியில் 2025 ஜூலையின் இரண்டு நாட்களை அருகருகே வைக்க வேண்டும். ஜூலை 11 அன்று, அப்போது ஐஎஸ்எல்லை நடத்திவந்த எஃப்எஸ்டிஎல் நிறுவனம், டிசம்பரில் முடிவுறும் மேற்சொன்ன ஒப்பந்தத்தின் எதிர்காலம் தெளிவாகாததால் வரும் பருவத்தை நிறுத்தி வைப்பதாகக் கழகங்களுக்குத் தெரிவித்தது. ஜூலை 18 அன்று காசி ஐஎஸ்எல்லுக்குத் தகுதி பெற்றது. ஆறு மாதம் போராடி வாசலை அடைந்தபோது வீடே பூட்டப்பட்டிருந்தது. நாடகாசிரியர் ஒருவர் இப்படி எழுதியிருந்தால் மிகை என்று வெட்டச் சொல்லியிருப்போம்.

பல்கலைக்கழகத்தில் இருப்போருக்கு இந்த அனுபவம் புதிதன்று. மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்த மாணவி தேர்ச்சி பெற்றுவிட்டதாகக் கடிதம் வருகிறது. மேற்படிப்புச் சேர்க்கை முடிந்து இரண்டு மாதம் ஆகியிருக்கும். விடைத்தாள் சரியாகத் திருத்தப்பட்டது, ஆகவே நீதி கிடைத்தது என்று அலுவலகம் சொல்லும். அவளைவிட ஓர் இடம் பின்னால் இருந்து அந்த இருக்கையில் அமர்ந்தவனும் குற்றவாளி அல்லன். இருவரும் ஒருவரையொருவர் வெறுக்கத் தொடங்குவார்கள். கோப்பை மேசையில் வைத்திருந்தவரை இருவரும் மறந்துவிடுவார்கள். காசிக்கும் சர்ச்சிலுக்கும் இடையே 2025இல் வளர்க்கப்பட்ட பகை இத்தகையதே.

இரண்டாம் அடுக்கு வீரனின் நிலையைச் சேர்த்துப் பார்த்தால் தாமதத்தின் விலை தெரியும். அடுத்த ஆண்டு தன் கழகம் எந்த அடுக்கில் ஆடும் என்பதைப் பொறுத்தே அவனது ஒப்பந்தம், ஊதியம், ஊர் எல்லாம் அமையும். அடுத்த அணிக்குப் பேச வேண்டிய மாதங்கள் ஏப்ரல் முதல் ஜூலை வரை. அந்த மாதங்கள் முழுவதும் இரு கழகங்களாலும் எதையும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. வெளிநாட்டு நட்சத்திரத்துக்கு முகவர் உண்டு, வேறு லீக் உண்டு. மணிப்பூரிலிருந்தோ மிசோரத்திலிருந்தோ வந்து, ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தில் ஆடும் 24 வயது தற்காப்பு வீரனுக்கு உள்ளது கால்களும் காலமும். காலத்தை லீக் தின்றுவிட்டது.

இந்திய விளையாட்டைக் குறித்து எழுதும் கல்விப்புலத்தின்மீதும் இங்கே ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. 1911இல் மோகன் பகான் வெறுங்காலோடு வெள்ளையர் அணியை வென்றதைத் தேசியம், உடல், ஆண்மை என்று எத்தனை கோணங்களில் ஆராய முடியுமோ அத்தனையிலும் ஆராய்ந்தாயிற்று. அந்த ஆர்வத்தில் ஒரு சிறு பங்கேனும் ஒழுங்கு நடவடிக்கை விதித்தொகுப்பின்பால் திரும்பியிருக்கலாம். அதிகாரம் எங்கே குடியிருக்கிறது என்று கேட்கக் கற்றவர்கள், பதிவு முறைமையையும் இடைக்காலத் தடையையும் சலிப்பூட்டும் சங்கதிகள் என்று தாண்டிச் செல்வது விந்தை. ஒரு வீரனின் பதிவு சம்மேளனத்தின் முறைமை வழியாகவே நடைபெறுகிறது. சம்மேளனம் ஏற்றுக்கொண்டால்தான் அவன் களமிறங்க முடியும். அப்படி ஏற்றுக்கொண்ட பதிவை அதே சம்மேளனத்தின் குழு பருவம் முடிந்தபின் செல்லாது என்கிறது. ஏட்டை எழுதியவரும் அவரே, ஏடு பிழை என்று தண்டிப்பவரும் அவரே. இதைவிடச் செறிவான ஆய்வுப்பொருள் 1911இல் கிடைக்குமா என்பது ஐயமே.

சம்மேளனமோ 2023இல் 'விஷன் 2047' என்னும் தொலைநோக்கு ஆவணத்தை வெளியிட்டு, சுதந்திர நூற்றாண்டுக்குள் ஆசியாவின் முதல் நான்கு நாடுகளுள் ஒன்றாகிவிடுவோம் என்றது. கூரை ஏறிக் கோழி பிடிக்காதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதை இதுதான். மஞ்சள் அட்டையை எண்ணுவதற்குத் தொலைநோக்கு தேவையில்லை, கிட்டப்பார்வை போதும்.

செய்ய வேண்டியவை ஒன்றும் அரியவை அல்ல. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் தடை பெற்ற வீரர்களின் பட்டியல் எவரும் காணும்படி பொதுவெளியில் வர வேண்டும். அந்தப் பட்டியலே இறுதியானது என்று விதியில் எழுத வேண்டும். தகுதி குறித்த முறையீட்டுக்கு நாட்கணக்கில் கெடு வேண்டும், மாதக்கணக்கில் அன்று. எந்த இடைக்காலத் தடையும் கடைசிச் சுற்றைத் தாண்டி உயிர்வாழ அனுமதிக்கக் கூடாது. ஏற்கப்பட்ட பதிவைப் பின்னர் செல்லாததாக்கும் அதிகாரம், பதிவில் மோசடி இருந்தாலன்றி, எக்குழுவுக்கும் இருத்தலாகாது. இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. உரிமை ஒப்பந்தம் முடியட்டும், புதிய முதலீட்டாளர் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை.

2026 ஜனவரியில் ஒன்றிய விளையாட்டுத் துறை அமைச்சர், ஐஎஸ்எல் பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என்று அறிவித்தார். 14 கழகங்கள், 91 ஆட்டங்கள். ஒருவரோடொருவர் ஒரே முறை. இரண்டாம் அடுக்குக்கு 11 கழகங்களும் 55 ஆட்டங்களும் என்றார். வழக்காடிப் பெற்ற இடம் காசிக்குப் பாதியாகச் சுருங்கிய பருவமாகக் கிடைத்தது.

ஜூலைத் தீர்ப்பில் செய்தித்தாள்கள் கடைசிப் பத்தியில் போட்டுவிட்டுப் போன ஒரு விவரம் உண்டு. நடுவர்மன்றச் செலவை யார் ஏற்க வேண்டும் என்பது அது. சர்ச்சிலுக்கு 15 சதவீதம், நாம்தாரிக்கு 15, ரியல் காஷ்மீருக்கு 15. எஞ்சிய 55 சதவீதம் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கு. செலவுப் பங்கீடும் பழிப் பங்கீடும் ஒன்றல்ல என்பது சட்டம் பயின்றோர் அறிந்ததே. ஆயினும் களத்தில் வெல்ல வேண்டும் என்று முழங்கியவர்கள் அந்த நான்கு எண்களையும் ஒருமுறை படித்திருக்கலாம். எந்த ஆட்டத்திலும் ஆடாத தரப்புக்குத்தான் அவற்றுள் மிகப் பெரிய எண் எழுதப்பட்டிருக்கிறது.